மூணாவது ரேமும் போச்சு: கரண்டா, போர்டா?

தாம்வே மூணாம் மாடி
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன் தாம்வேயில வீட்டுலயே உக்காந்து கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடிச்சுக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் ஐ5-10400 ப்ராசஸர், பி460 மதர்போர்டு, ரேம் மாட்ட நாலு ஸ்லாட். டிடிஆர்4 8 ஜிபி ரேம் ரெண்டு. 14 மாசத்துல மூணு ரேம் போச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரே கதை. வேலை நடுவுல நீலத்திரை, அதுல 'மெமரி மேனேஜ்மென்ட்'னு வரும். ஒரு வாரம் கழிச்சு ஆன் பண்ணா டிஸ்ப்ளேவே வராது, பீப் மட்டும். கடைக்குத் தூக்கிட்டுப் போனா "ரேம் செத்துடுச்சு"ன்னு புதுசு போட்டுத் தருவாங்க. நாலு மாசம் ஓடும். ஸ்டெபிலைசர் வாங்கவா, போர்டை மாத்தவா? ரெண்டுக்கும் காசு கிடையாது.

பெகு பெரியவர்
இதுல யோசிக்க என்ன இருக்கு? கரண்டுதான். நாலு மணி நேரம் இருக்கு, நாலு மணி நேரம் இல்ல. "மீ லா பீ" (கரண்டு வந்துடுச்சு)ன்னு பசங்க கத்தின அடுத்த நொடி தெரு முழுக்க ஃப்ரிட்ஜும் தண்ணி மோட்டாரும் ஒண்ணா இழுக்குது. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் அப்படித்தான் போச்சு. 230 வோல்ட்டுங்கிறது பேருக்குத்தான். ராத்திரி மீட்டர் வச்சுப் பாருங்க, 170ல நிக்கும். முதல்ல ஸ்டெபிலைசர் வாங்கு தம்பி.

மோல்மேன் சால்டரிங்
பெரியப்பா, கம்ப்ரஸர் நேரா லைன்ல நிக்குது. ரேம் அப்படியா? அந்த 230 அதுகிட்ட வரவே வராது. பவர் சப்ளை அதை 12, 5 வோல்ட் ஆக்கும், போர்டு அதை மறுபடி இறக்கி ரேமுக்கு 1.2 வோல்ட் கொடுக்கும். லைன் ரொம்ப இறங்கினா மெஷினே அணைஞ்சுடும். ஏறி அடிச்சா முதல்ல புகையிறது சப்ளை, அப்புறம் போர்டு. ரெண்டையும் தாண்டி வந்து, பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரெண்டு ரேம்ல ஒண்ணை மட்டும் பொறுக்கிக் கொல்லுமா? அதுவும் மூணு தடவை?

தம்பி, ரெண்டே கேள்வி. மூணும் ஒரே ஸ்லாட்டுலயா போச்சு? செத்ததுன்னு சொன்ன ரேமை வேற மெஷின்ல போட்டு யாராவது பாத்தாங்களா?

கடைப்பக்கம்
சுத்தி வளைச்சுக் கடைக்காரன் மேல பழி போடுறீங்க. நானும் கடையில நிக்கிறவன்தான் (இவரு போன கடை இல்ல). ரேம் சாகும். கூகுள் தன்னோட சர்வர்களை வச்சு 2009ல போட்ட ஆய்வுல, வருஷத்துக்கு நூத்துல எட்டு ரேமுக்கு மேல பிழை காட்டுச்சு. இங்க ஏப்ரல் வெயில்ல கேட்கணுமா? எக்ஸ்எம்பியை (ரேமை வேகமா ஓட்டுற செட்டிங்) அணைச்சுப் பாருங்க, 3200 வேகத்துல ஓட்டினா 1.35 வோல்ட் ஏறும்.

மோல்மேன் சால்டரிங்
அதே ஆய்வுலதான் சூட்டுக்கும் பிழைக்கும் பெருசா சம்பந்தம் இல்லன்னும் இருக்கு. பிழைன்னா சாவு இல்ல. தானா திருத்திக்கிட்ட பிழையும் அந்தக் கணக்குல சேர்த்தி. சரி, நூத்துக்கு எட்டுன்னே வச்சுக்குவோம். அடுத்தடுத்து மூணும் போக ரெண்டாயிரத்துல ஒரு வாய்ப்பு. அவ்வளவு அதிர்ஷ்டம் இருந்தா தம்பி லாட்டரி வாங்கலாம்.

எக்ஸ்எம்பி பேச்சே வேண்டாம். இந்த பி460ல அந்த ஐ5 போட்டா, ரேம் மேல 3200ன்னு எழுதியிருந்தாலும் 2666ஐத் தாண்டாது.

தாம்வே மூணாம் மாடி
அக்கா, நீங்க கேட்டப்புறம்தான் நினைச்சுப் பாத்தேன். மூணும் ப்ராசஸர்லேருந்து ரெண்டாவது ஸ்லாட்டு. நாலாவதுல இருக்கிறது முதல் நாள் போட்டது, இன்னிக்கு வரைக்கும் தும்மல்கூட இல்ல. பழைய ரேம் ரெண்டைக் கடையிலேயே வச்சுக்கிட்டாங்க, கடைசியா போனது மட்டும் என் மேசை இழுப்பறையில இருக்கு.

இன்னொண்ணு. டிஸ்ப்ளே வராதப்போ நானே கழட்டி மாட்டிப் பாப்பேன். ஷட் டவுன் பண்ணிட்டுத்தான். ப்ளக் அப்படியே இருக்கும், போர்டுல சின்னப் பச்சை லைட் எரியும். வெறுங்கால்ல நின்னு கேஸைத் தொட்டா சுள்ளுன்னு இருக்கும், அது பழகிப்போச்சு.

மோல்மேன் சால்டரிங்
ஐயோ தம்பி. அந்தப் பச்சை லைட் எதுக்கு எரியுது? ஷட் டவுன் பண்ணாலும் ப்ளக் இருக்கிற வரைக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை போர்டுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அந்த நிலையில ரேமை உருவுறது சில நேரம் அதை நிஜமாவே கொன்னுடும். இனிமே ப்ளக்கைப் பிடுங்கு, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கு, லைட் அணைஞ்சப்புறம் கை வை.

பெகு பெரியவர்
ஏம்மா, அந்தச் சுள்ளுன்னு இருக்கிறது மட்டும் என்னவாம்? கரண்டு இல்லையா? வீட்டுல எர்த் இல்ல!

மோல்மேன் சால்டரிங்
இதுல பெரியப்பா சொல்றதுதான் சரி. சப்ளைக்குள்ள மின் இரைச்சல் வடிகட்ட வச்சிருக்கிற கெபாசிட்டர்கள் லைன்ல பாதி வோல்ட்டை, 115 சுமாருக்கு, கேஸ்ல ஏத்திவிடும். எர்த் இருந்தா மண்ணுக்குப் போகும், இல்லன்னா உன் காலுக்குப் போகும். ஆளைக் கொல்ற அளவு இல்ல. ஆனா அந்த உடம்போட ரேம் காலைத் தொடாதே. எர்த் போடணும்தான், ஸ்டெபிலைசர் வாங்கினா எர்த் கூடவே வந்துடாது, பெரியப்பா.

கடைப்பக்கம்
ஒரே ஸ்லாட்டுன்னா நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். உண்மையைச் சொல்றேன், கூட்ட நேரத்துல கழட்டின ரேமை வேற மெஷின்ல போட்டுப் பாக்க யாருக்கும் நேரம் கிடையாது. புதுசு போட்டா டிஸ்ப்ளே வருது, அனுப்பிடுவோம். ஆனா ஒண்ணு புரியல. ஸ்லாட்டுல கோளாறுன்னா புது ரேம் எப்படி நாலு மாசம் ஓடுது?

மோல்மேன் சால்டரிங்
அங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். ரேமை உருவி மாட்டுறப்பவே ஸ்லாட்டோட கால்கள் உரசிச் சுத்தமாகும். புது ரேம் ஓடுறது புதுசுங்கிறதால இல்ல, அழுத்தி மாட்டினதால. மழை மாசத்து ஈரத்துல மறுபடி களிம்பு பிடிக்கும், மறுபடி பீப். பழசையே அழிரப்பரால தேய்ச்சு மாட்டியிருந்தாலும் அதே நாலு மாசம் ஓடியிருக்கலாம்.

தம்பி, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 ப்ரோக்ராமை யுஎஸ்பில போடு. 'செத்த' ரேமைத் தனியா நாலாவது ஸ்லாட்டுல, அப்புறம் ரெண்டாவதுல. அதுக்கப்புறம் நல்ல ரேமைத் தனியா ரெண்டாவதுல. ஒவ்வொண்ணுக்கும் நாலு பாஸ், அதாவது நாலு முழுச் சுத்து.

தாம்வே மூணாம் மாடி
மூணு நாள் ஆச்சு, மன்னிக்கணும். கரண்டு வர்ற நேரம் பாத்து ஓட்ட வேண்டியிருந்துச்சு.

செத்த ரேம் நாலாவது ஸ்லாட்டுல: நாலு பாஸ், ஒரு பிழைகூட இல்ல. உயிரோடதான் இருக்கு.
அதே ரேம் ரெண்டாவதுல: ஆறாவது நிமிஷம் திரை முழுக்கச் சிவப்பு, அத்தனையும் பிழை.
நல்ல ரேம் ரெண்டாவதுல: அதே சிவப்பு.

கடையில விட்டுட்டு வந்த ரெண்டும் நல்லதாத்தான் இருந்திருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது.

பெகு பெரியவர்
ஸ்லாட்டுன்னே வச்சுக்கோ. அது எதனால கெட்டுச்சு? கரண்டாலதான்னு நான் சொல்றேன்.

மோல்மேன் சால்டரிங்
இருக்கட்டும் பெரியப்பா, உங்களுக்கு ஒரு மார்க். ஆனா ஸ்லாட்டுதான்னும் இன்னும் முடிவாகல. ரேமை ஆள்றது ப்ராசஸருக்குள்ளயே இருக்கு. ப்ராசஸர் சாக்கெட்டுல ஒரு முள் சரியா படலேன்னாலும் ஒரு பக்கத்து ரேம் மட்டும் உளறும். தம்பி, ப்ராசஸர் மேல இருக்கிற கூலர் ஃபேன் ப்ராசஸர் கூடவே வந்ததுதானே? நாலு காலும் 'டக்'குன்னு உக்காந்திருக்கான்னு பாரு. போர்டு வாங்குறதெல்லாம் அப்புறம்.

தாம்வே மூணாம் மாடி
அக்கா, ஒரு கால் உக்காரவே இல்ல! ரேம் பக்கத்து மூலை, விரல்ல தட்டினா ஆடுது. எப்பலேருந்து இப்படின்னு தெரியல. ப்ளக்கைப் பிடுங்கி, கூலரைக் கழட்டி, பேஸ்ட் புதுசா வச்சு நாலு காலையும் அமுக்கினேன். சாக்கெட்டுல வளைஞ்ச முள் எதுவும் கண்ணுக்குத் தெரியல. ரேம் காலை ரப்பரால தேய்ச்சு ரெண்டாவது ஸ்லாட்டுலயே மாட்டி டெஸ்ட் போட்டிருக்கேன். முதல் பாஸ் சுத்தம். ரெண்டாவதும் சுத்தம்.

கடைப்பக்கம்
மூணாவது?

தாம்வே மூணாம் மாடி
போன்லேருந்து எழுதுறேன். மூணாவது பாதியில கரண்டு போயிடுச்சு. திரும்ப முதல்லேருந்து ஓட்டணும்.

பெகு பெரியவர்
நான் சொன்னேன்ல.