ஸ்டார் ஆஃப் இந்தியா மேலங்கி: உதிரும் பட்டு உள்துணிக்கு வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 1861-இல் விக்டோரியா மகாராணி நிறுவிய ஸ்டார் ஆஃப் இந்தியா வீரப்பட்ட வரிசையின் சடங்கு மேலங்கி ஒன்று பழுதுபார்க்க வந்திருக்கிறது. வெளிர்நீல சாட்டின், வெள்ளைப் பட்டு உள்துணி, இடப்பக்கம் ஜரிகை நட்சத்திரம்.

சாட்டின் தாங்குகிறது. சிக்கல் உள்துணியில்தான். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நேர்கோடாக வெடித்து, தொட்டாலே உதிர்கிறது. கனம் கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றிய பட்டு என்றே தோன்றுகிறது. அந்தக் காலத்தில் அது வழக்கம், வெளிச்சம் பட்டால் இப்படித்தான் நொறுங்கும். ஆகவே நனைக்கும் யோசனை வேண்டாம். கறுத்த ஜரிகைக்கு வெள்ளி பாலிஷ் திரவமும் வேண்டாம். அதன் அமிலம் உள்ளே ஓடும் பட்டு நூலைத் தின்றுவிடும்.

பட்டு கிரெப்லின் (அடியில் உள்ளது தெரியும் அளவுக்கு மெல்லிய வலைபோன்ற துணி) போர்த்தி, முடியிழை மாதிரியான பட்டு நூலால் தைப்பதாகத் திட்டம். ஆனால் நட்சத்திரத்தின் கனம் உள்துணியையும் சேர்த்து இழுக்கிறது.

நட்சத்திரத்தைக் கழற்றாமல் பின்னால் தாங்குதுணி நுழைத்தவர்கள் எந்த ஓரத் தையலைப் பிரித்தீர்கள்? ஊசித்துளையே கிழிசலாகும் இடங்களில் பசை பூசிய கிரெப்லின் நின்றதா? என்ன பசை, எவ்வளவு சூடு?

இப்போதைக்கு அமிலமற்ற தாளை உருட்டி மடிப்புகளில் வைத்து, இருட்டில் கிடத்தியிருக்கிறோம். ஹேங்கரில் மாட்டச் சொல்பவர்கள் மன்னிக்கவும்.