சிந்துபால்சோக்கில் பத்து நாள்: போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்

குழுவை அழைத்துச் சென்றவர்

2015 நவம்பரில் எங்கள் சேகரத்திலிருந்து (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) பன்னிரண்டு பேர் நேபாளம் போனோம். திரும்பி வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் போய்வந்த அனுபவத்தைப் பத்து நிமிடம் சாட்சியாகச் சொன்னேன். அதில் பாதி, கேட்பவர்களுக்குப் பிடிக்கும் என்று சொன்னது. மீதியை இப்போது எழுதுகிறேன். கூட வந்தவர்களும் எழுதுங்கள். நான் எதையாவது விட்டால் தயங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். சிந்துபால்சோக் மாவட்டத்தில்தான் சாவு அதிகம். ஜூனிலேயே போக நினைத்தோம்; மழையில் மலைச்சரிவு என்று அங்குள்ள பாஸ்டர் தடுத்துவிட்டார். நவம்பரில் கிளம்பினால் வேறொரு சிக்கல். செப்டம்பர் 20ஆம் தேதி அவர்களுடைய புதிய அரசியல் சாசனம் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்துத் தெற்கே தராய்ப் பகுதியில் போராட்டம். இந்தியாவிலிருந்து போகும் பெட்ரோல், காஸ், மருந்து எல்லாம் எல்லையில் நின்றுபோயின. இந்தியாதான் மறித்தது என்று அவர்கள் சொன்னார்கள், நாங்கள் மறிக்கவில்லை என்று டெல்லி சொன்னது. ராப்திசாகர் ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சுனவுலி. வாக்காளர் அட்டையைக் காட்டி நடந்தே எல்லையைத் தாண்டினோம். கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தோம். வெளிநாடு வந்ததற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

காத்மாண்டு போகிற வழியில் ஒரு டீக்கடை. காலி சிலிண்டர் மேல் தட்டை வைத்து அதை மேசையாக்கியிருந்தாள் கடைக்காரி. பக்கத்தில் மூன்று கல் கூட்டி விறகு அடுப்பு. எங்களைப் பார்த்து, “இந்தியாவா? காஸ் கொண்டுவந்தீர்களா?” என்று இந்தியில் கேட்டாள். எங்கள் பன்னிரண்டு பேரில் அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு இந்தி தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்போம்? இதை நான் சாட்சியில் சொல்லவில்லை.

செவிலியர்

ஐயா, நீங்கள் துணி மூட்டையையும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சேர்த்த ஆறு மூட்டை. பிரித்துப் பார்த்தால் நைலக்ஸ் சேலை, ஜாக்கெட், அரைக்கை சட்டை. நவம்பர் மாதம், மலைமேல், ராத்திரியில் பல் கிட்டிக்கொள்ளும் குளிர். அந்த ஊர்ப் பெண்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தகரத்துக்கு அடியில் பரப்பிய வைக்கோல் கீழே விழாமல் இருக்க நம் சேலைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வைக்கோல் எதற்கு என்றால், ராத்திரி நாம் விடும் மூச்சு தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலையில் உள்ளேயே தூறல் போடும். நானே நனைந்தேன். அந்தச் சேலைகளுக்கு அதைவிட நல்ல பயன் இருந்திருக்காது.

மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு நான்கு குக்கிராமங்கள் ஏறி இறங்கினேன். அடிபட்ட காயமெல்லாம் ஏழு மாதத்தில் ஆறியிருந்தது. விறகுப் புகை இருமல், மூட்டு வலி, தீர்ந்துபோன பிரஷர் மாத்திரை இவைதான் அதிகம். ஒரு பாட்டி தலை சுற்றுகிறது என்றார். பிரஷர் சரியாக இருந்தது. பாயின் தலைமாட்டில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார். குடிக்க என்று நினைத்து நகர்த்தினேன், கையைத் தட்டிவிட்டார். ஆடுகிற மாதிரித் தோன்றும்போதெல்லாம் தம்ளரைப் பார்ப்பாராம். தண்ணீர் அசைந்தால் பூமி, அசையாவிட்டால் தலை. அதன்பின் கவனித்தேன், பாதி வீடுகளில் தம்ளரோ தண்ணீர் பாட்டிலோ அப்படி இருந்தது. என்னிடம் அதற்கு மாத்திரை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு பற்றி ஒரு வரி. கோதோ மாவில் டிடோ என்று கிண்டிக் கொடுத்தார்கள். வாலிபப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். அடப்பாவிகளா, அது நம் கேப்பைக் களி!

கொத்தனார்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கே வீடெல்லாம் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. குறுக்கே கட்டுக்கல் இல்லை, மேலே பாரம். ஆடினால் சுவர் வெளிப்பக்கம் பிரிந்து விழும். இடிந்த வீட்டிலேயே நல்ல மரம் இருந்தது. அதை உருவி எடுத்துச் சட்டம் போட்டு, மேலே தகரம் அடித்தோம். பத்து நாளில் ஒன்பது கூரை. காத்மாண்டுவில் தகரம் கிடைத்தது, ஏற்றிவர லாரிக்கு டீசல் இல்லை. தண்ணீர் பாட்டிலில் கறுப்புச் சந்தையில் வாங்கி ஊற்றினார்கள். முதல் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது ஊர்க்காரர் ஒருவர் பழைய ஆணிகளைப் பொறுக்கிக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். இரண்டு டால்டா டின் நிறைந்தது.

தகரத்தில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடிக்கக் கூடாது. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து மேலடுக்கை வைக்க வேண்டும். இதை நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே ஒரு நாள் போனது. ஊர்ப் பெண்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

மொழிதான் பயமாக இருந்தது. ஏணியில் நிற்கும்போது கீழேயிருந்து ஒருவர், “அண்ணே, பார்த்து இறங்குங்கள் லா” என்றார். தூக்கிவாரிப் போட்டது. மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் காவல் வேலை பார்த்தவராம். உடன் வேலை செய்த தமிழர்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். பிறகு அவர்தான் எங்கள் எல்லோருக்கும் வாய்.

குழுவில் இளையவர்

கைப்பிரதி, அதாவது சுவிசேஷத் துண்டுப் பிரசுரம், அந்த விஷயத்தை யாரும் எழுதவில்லை. அதைக் கொண்டுபோனவன் நான்தான், நானே எழுதுகிறேன். இந்தியில் அச்சடித்த இரண்டு கட்டு என் பையில் இருந்தது. ஒவ்வொரு தகரக் கட்டோடும் ஒன்று கொடுப்பதாக எண்ணம். ஊர் பாஸ்டர் இரண்டையும் வாங்கி அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டார். புதிய சாசனத்தின் 26ஆவது பிரிவு மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. “நீங்கள் பத்து நாளில் ரயில் ஏறிவிடுவீர்கள் தம்பி, போலீஸ் என்னைத் தேடித்தான் வரும்” என்றார். அதை மலேசியா அண்ணன் தமிழில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஊழியத்துக்கு வந்த இடத்தில் வாயைக் கட்டுகிறாரே என்று நினைத்தேன்.

முதல் கூரை யாருக்கு என்பதிலும் முணுமுணுப்பு இருந்தது. சபையில் நான்கு குடும்பங்கள் இன்னும் தார்ப்பாயின் கீழ்தான் இருந்தன. ஊர்க் கமிட்டி போட்ட பட்டியலில் முதல் பெயர் புத்த மதத்தைச் சேர்ந்த, தாமாங் இனத்து விதவை ஒருவர். பாஸ்டர் பட்டியலை மாற்றவில்லை. சபைக்காரர்கள்தான் வந்து சட்டம் தூக்கினார்கள்.

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் அன்றுதான். பூமி ஆடியதும் ஒரு சனிக்கிழமை, பகல் 11:56. பள்ளிக்கூடம் தரைமட்டம், உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. ஆராதனை நடந்த வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். பாஸ்டர் அந்த இடத்தைக் காட்டினார். கல்லை ஒதுக்கிக் கடுகு விதைத்திருந்தார்கள். எத்தனை பேர் என்று நான் கேட்டேன். அவர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். மலேசியா அண்ணன் இரண்டு பெயருக்கு மேல் மொழிபெயர்க்கவில்லை. பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவையும் இல்லை. அன்று மாலை கைப்பிரதியைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லாமல் போனது.

குழுவில் வராத சபை அங்கத்தினர்

கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன். போக்குவரத்துக்கே ஒன்றரை லட்சம். அந்தப் பணத்தை அப்படியே பாஸ்டருக்கு அனுப்பியிருந்தால் கூடுதலாக எத்தனை கூரை?

குழுவை அழைத்துச் சென்றவர்

நியாயமான கேள்வி. ஒன்பதுக்குப் பதில் இருபதுக்கு மேல் வந்திருக்கும். பன்னிரண்டு பேரில் தேவைப்பட்டவர்கள் கொத்தனார் தம்பியும் செவிலியர் அம்மாவும்தான். நான் உட்படப் பத்துப் பேர் சுமை. அடுத்த முறை மூன்று பேர் போனால் போதும் என்று கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிலருக்கு வருத்தம்.

ஊர் திரும்பிய சில நாட்களில் சென்னையில் வெள்ளம். எங்கள் ஊருக்கும் சென்னைக்கும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் என்பது மலேசியா அண்ணனுக்குத் தெரியாது. போன் போட்டு, வீடு நிற்கிறதா, ஆணி இருக்கிறதா என்று கேட்டார்.

கொத்தனார்

எனக்கும் போன் வந்தது. கூடவே ஒன்பது கூரைகளின் படமும் அனுப்பினார். எல்லாம் நிற்கிறது, மேலே கல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான்காவது வீட்டில் மட்டும் ஓர் ஓரம் ஒழுகுகிறதாம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆணி பள்ளத்தில் அடித்திருக்கிறது. அந்த ஓரம் நம் ஐயா அடித்தது.