கரண்ட் ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபையர்: என்ன எழுதலாம்?

வணக்கம். பாலிடெக்னிக் ஆய்வகக் குறிப்பு ஒன்று திங்கட்கிழமை நகலெடுக்கப் போகவேண்டும், அவசரம். பாடம் இதுதான்: பழைய வீடியோ போர்டில் ஏடி812 என்ற கரண்ட் ஃபீட்பேக் ஐசி போய்விட்டால் வேறு எதைப் போடுவது? எட்டுக் கால், உள்ளே இரண்டு ஆம்ப்ளிஃபையர், கால் வரிசையும் அதே என்று பையன்கள் ஆடியோ ஐசியான என்இ5532-ஐச் செருகிவிட்டு, படம் ஏன் மங்குகிறது என்று கேட்கிறார்கள். ஏடி812 வகைக்குத் தமிழ்ப் பெயராக 'இரட்டை மின்னோட்டப் பின்னூட்டப் பெருக்கி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

——

> இரட்டை மின்னோட்டப் பின்னூட்டப் பெருக்கி

இரட்டை எதற்கு அடை ஐயா? மின்னோட்டம் இரண்டா, பெருக்கி இரண்டா? 'மின்னோட்டப் பின்னூட்ட இரட்டைப் பெருக்கி' என்றால் குழப்பமில்லை. பின்னூட்டம் வலைப்பூக் காலத்திலேயே கருத்துரைக்குப் போய்விட்ட சொல், எனவே 'மீளூட்டு' என் பரிந்துரை. ஊட்டு, உண் என்பதன் பிறவினை. சோறு மட்டுமா, காலுக்குச் செம்பஞ்சும் ஊட்டுவோம், அதாவது ஒன்றை இன்னொன்றுக்குள் ஏற்றுவது எல்லாமே...

——

செம்பஞ்சு இருக்கட்டும். பெருக்கி என்றால் மல்டிப்ளையர் சில்லுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? வீடு பெருக்குவதைச் சொல்லவே வேண்டாம். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் ஆம்ப்ளிஃபையர் 'விரியலாக்கி'தான், உயர்தர (ஏ/எல்) வகுப்பு மாணவர் எவரும் தடுமாறுவதில்லை.

——

நான் சர்வீஸ் ஆள், இலக்கணம் தெரியாது. ஆனால் ஆங்கிலப் பெயரே கோணல்தான். பழைய பாடப்படி கரண்ட் ஃபீட்பேக் என்றால் வெளியீட்டு மின்னோட்டத்தை அளந்து திருப்பி அனுப்புவது. இந்த ஐசி அளப்பது வெளியீட்டு வோல்டேஜைத்தான். உள்ளீட்டின் மைனஸ் காலில் மின்தடை மிகக் குறைவு, அதன் வழியே ஓடும் பிழை மின்னோட்டத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதனால்தான் ஃபீட்பேக் ரெசிஸ்டர் மதிப்பே அலைவரிசை அகலத்தைத் தீர்மானிக்கிறது, அந்த ரெசிஸ்டரின் குறுக்கே கபாசிட்டர் போட்டால் ஊளையிடுகிறது, அதாவது தானாகவே ஆசிலேட் ஆகிறது. ±15 வோல்ட் போர்டு என்றால் எல்டி1229 போடலாம், ரெசிஸ்டர் 750 ஓம் அளவில் இருக்கட்டும். ஏடி8002-உம் இதே வகைதான், ஆனால் ±5 வோல்ட்டுக்கானது, அந்த போர்டில் போட்டால் புகைதான். பெயரை எப்படியும் வையுங்கள், இதைக் குறிப்பில் எழுதுங்கள்.

——

அப்படியானால் மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரிக்கவேண்டும்: மின்னோட்டத்தால் ஊட்டுவது. 'பிழையோட்டப் பெருக்கி' இன்னும் துல்லியம்.

——

பையன்கள் அதைப் 'பிழைப் பெருக்கி' என்று சுருக்கிவிடுவார்கள், வேண்டாம் சாமி.

சரி, குழப்பமில்லாதது இதுதான் என்பதால் 'மின்னோட்டப் பின்னூட்ட இரட்டைப் பெருக்கி' என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் கரண்ட் ஃபீட்பேக் என்றும் சேர்த்துவிடுகிறேன். மின்தடை மதிப்பும் வோல்ட்டும் தனிப் பத்தியாகப் போகின்றன. தலைப்பு: 'மாற்றுச் சில்லைத் தேர்ந்தெடுத்தல்'.

——

விரியலாக்கியை யாரும் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை என்று பதிவு செய்கிறேன்.

——

'மாற்று' பொன்னின் தரத்தைச் சொல்லும் சொல் அல்லவா? 'ஈடு' என்று போட்டால் என்ன?