ஏஐ போட்ட சிக்குக் கோலத்தில் கம்பி ஏன் பாதியில் நிற்கிறது?

நகரிக்காரன்:
எங்களுக்கு ஆந்திரப் பக்கம் நகரி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. அம்மா வாசலில் போடுவதை நாங்கள் கோலம் என்போம், எதிர்வீட்டில் முக்கு என்பார்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளிக் கண்காட்சிக்குக் கணக்கையும் கலையையும் சேர்த்து ஏதாவது செய்ய வேண்டுமாம். போனில் படம் வரைகிற ஏஐயிடம் "7 வரிசை 7 புள்ளி, ஒரே கம்பியில் சிக்குக் கோலம்" என்று கேட்டாள். வந்த படம் எட்ட நின்று பார்த்தால் அருமை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பி மேல் விரல் வைத்துக்கொண்டே போனார், நாலாவது வளைவில் கம்பி ஒரு புள்ளி மேல் ஏறி அப்படியே நின்றுவிட்டது. "இது கோலம் மாதிரி இருக்குடா, கோலம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பத்துத் தடவை மாற்றி மாற்றிக் கேட்டோம், ஒரு படத்தில் புள்ளியே எட்டு. என்னென்னமோ செய்கிற கம்ப்யூட்டருக்கு இது மட்டும் ஏன் வரவில்லை? மகளுக்குப் பைத்தான் என்கிற புரோகிராம் மொழி கொஞ்சம் தெரியும், அதில் வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கணக்கு டீச்சர். உங்கள் அம்மா சொன்னதுதான் பதில். படம் வரைகிற ஏஐ ஏராளமான படங்களைப் பார்த்து "இந்த இடத்தில் இப்படி ஒரு வளைவு இருக்கும்" என்று பழகியது. வளைவு எல்லாம் தனித்தனியாகச் சரியாக இருக்கும். கம்பி கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற விதியை யாரும் அதற்குக் கட்டாயமாக்கவில்லை, அதுவும் எண்ணிப் பார்த்து வரையவில்லை.

விதியிலிருந்து தொடங்கினால் பைத்தான் போதும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு நாலு பக்கம், ஒவ்வொரு பக்கமும் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். பக்கம் திறந்திருந்தால் கம்பி அங்கே குறுக்கே வெட்டிக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போகும், மூடியிருந்தால் வளைந்து திரும்பிவிடும். ஆக மொத்தம் 16 வகைக் கட்டம், திருப்பிப் பார்த்தால் ஒன்றாக இருப்பவற்றைக் கழித்தால் 6தான். நாலும் மூடினால் வட்டம், ஒன்று திறந்தால் நீர்த்துளி, நாலும் திறந்தால் சாய்சதுரம். பக்கத்துக் கட்டங்கள் இரண்டும் ஒட்டுகிற பக்கத்தில் ஒத்துப்போனால் சரி, கம்பி எங்கேயும் பாதியில் நிற்காது, நிற்க இடமே இல்லை.

இனிமேல்தான் ருசி. நேர்ப்புள்ளியில் உள்பக்கம் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் எத்தனை கம்பி வரும் தெரியுமா? வரிசைக்கும் புள்ளிக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி, அதாவது பிள்ளைகள் சொல்கிற ஹெச்.சி.எஃப்! 7க்கு 6 வைத்தால் ஒரே கம்பி. 9க்கு 6 என்றால் 3. உங்கள் 7க்கு 7இல் தனித்தனியாக 7 கம்பி. இரண்டு வேறு கம்பிகள் வெட்டுகிற இடம் ஒன்றை மூடினால் அவை ஒன்றாகிவிடும், ஆனால் ஒரே கம்பி தன்னையே வெட்டுகிற இடத்தை மூடினால் சில சமயம் இரண்டாகவும் பிரியும். 7 கம்பியை ஒன்றாக்கக் குறைந்தது 6 இடம் மூட வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் 6 உதவாது, மூடுவது 4இன் மடங்காகத்தான் இருக்க முடியும். எது எது என்று மகளையே தேடச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்:
பள்ளிப்பட்டுப் பக்கம், தறி டிசைன் வேலை. இது எங்களுக்குப் பழைய கதை. கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் பாவும் ஊடையும் சந்திக்கிற ஒரு இடம், நூல் மேலே வரும் அல்லது கீழே போகும், நடுவில் எதுவும் கிடையாது. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த தறியில் அட்டையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதுதான் எல்லாம், பிறகு இங்கிலாந்துக் கணித அறிஞர் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு அந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். பாவு நூலைத் தூக்குகிற கொக்கி 240 இருந்தால், 48 இழை அகலமுள்ள புட்டா (சேலைப் பூவேலை) 5 தடவை வரும், 50 இழையில் போட்டால் ஓரத்தில் மயிலுக்குக் கழுத்து இருக்காது. ஒரு தடவை போட்டேன், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கோலமாவு:
கணக்கெல்லாம் இருக்கட்டும். எங்கள் பாட்டி எந்த ஹெச்.சி.எஃப் படித்தார்? காலையில் பால்காரன் வருவதற்குள் போட்டு முடிப்பார். இதையெல்லாம் கட்டமாக வெட்டி மிஷினுக்குக் கொடுத்தால் அப்புறம் அதில் கலை எங்கே இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அக்கா, பாட்டிக்குக் கணக்கு தெரியாது என்று நான் சொல்லவே இல்லையே, பேர்தான் தெரியாது. 1974இலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை வைத்துக் கணினி இலக்கணம், அதாவது விதிகளைக் கொண்டு வடிவங்களை உருவாக்குகிற முறை, பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. வாசலில் இருந்ததைப் பார்த்துத்தான் கணினிக்காரர்கள் படித்தார்கள்.

நகரிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மகள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். நடுப்புள்ளியைத் தனியே விட்டு, மீதி 48ஐ 3க்கு 4 புள்ளியாக நாலு துண்டாக்கி அதைச் சுற்றிக் காற்றாடி மாதிரி அடுக்கினாள். 3க்கும் 4க்கும் பொதுக் காரணி 1, அதனால் ஒவ்வொரு துண்டும் ஒரே கம்பி. நடுப்புள்ளியிலிருந்து நாலுக்கும் ஒவ்வொரு இணைப்பு. பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள 84 இடத்தில், துண்டுக்கும் துண்டுக்கும் இடையே 12 மூடி 72 திறந்திருக்கிறது, மொத்தமும் ஒரே கம்பி!

ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினோம். விரல் வைத்துச் சுற்றி முடித்துவிட்டு, "கம்பி சரி, ஆனா நாலு துண்டை நடுவுல ஒட்ட வச்ச மாதிரி இருக்கே" என்றார். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் அவர் காட்டிய இடங்களைத் திறந்தால் கம்பி ஒன்றுக்கு மேல் ஆகிவிடுகிறது. இப்போது பாட்டி சாக்பீஸோடு தரையில், பேத்தி லேப்டாப்போடு பக்கத்தில். கண்காட்சிக்கு இன்னும் நாலு நாள். சாப்பிடக் கூப்பிட்டால் ரெண்டு பேரும் வருவதில்லை.