டக்அவுட் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையை யார் எழுதுகிறார்?

புதுரசிகை:
மகனோடு சேர்ந்து இந்த சீசனில்தான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டைக் காட்டும்போதெல்லாம் சுவரில் ஒரு பெரிய அட்டை தெரிகிறது. இரண்டு அணி ஆட்டக்காரர்களின் பெயர்களும் முத்து முத்தான கையெழுத்தில், சில பெயர்கள் மட்டும் வேறு நிறத்தில். மேனேஜரே உட்கார்ந்து எழுதுகிறாரா?

ஸ்கோர்புக்:
யார் எந்த இடத்தில் ஆடுவது என்று முடிவெடுப்பவர் மேனேஜர். மேஜர் லீகில் பேனா பிடிப்பது பெரும்பாலும் மேனேஜரின் உதவியாளரான பெஞ்ச் கோச்; சில அணிகளில் வேறொரு கோச். நிறம் எதற்கென்றால், இடதுகை ஆட்டக்காரர் யார், வலதுகை யார், இரண்டு பக்கமும் அடிப்பவர் யார் என்று ஒரே பார்வையில் தெரிய. பெஞ்சில் மிச்சம் இருப்பவர்களும் அதிலேயே இருப்பார்கள். ஆள் இறங்க இறங்கப் பெயரை அடித்துக்கொண்டே வருவார்கள். எட்டாவது இன்னிங்ஸில் அந்த அட்டைதான் மேனேஜருக்குக் கண்.

ஆனால் விதிப்படி செல்லுபடியாவது சுவர் அட்டை இல்லை. ஆட்டம் தொடங்கும் முன், பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டில் அம்பயரிடம் கொடுக்கிறார்களே, அந்தச் சின்ன அட்டை. உள்ளூர் அணி முதலில், வந்த அணி அடுத்து. எதிரணிக்கும் ஒரு பிரதி. அம்பயர் வாங்கிக்கொண்டால் வரிசை உறுதி. 2018 மே 9 அன்று சின்சினாட்டியில் மெட்ஸ் அணி இதில்தான் மாட்டியது. அட்டையில் கப்ரேரா இரண்டாவது, ஃப்ளோரஸ் மூன்றாவது. களத்தில் இறங்கியதோ மாறி. முதல் இன்னிங்ஸில் கப்ரேரா இரண்டாவது பேஸ் வரை போகும்படி அடித்தார்; எதிரணியான ரெட்ஸின் மேனேஜர் ரிகிள்மன் நேரே அம்பயரிடம் போய்விட்டார். அந்த அடி செல்லாது, மூன்றாவது அவுட்டாகி இன்னிங்ஸும் முடிந்தது. மெட்ஸ் 10 இன்னிங்ஸில் 2-1 என்று தோற்றது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மனசு கேட்கவில்லை.

புதுரசிகை:
அப்படியானால் அவுட் ஆனது கப்ரேராவா?

ஸ்கோர்புக்:
இல்லை, ஜே புரூஸ்! ஃப்ளோரஸ் முறை மாறி ஆடி அவுட்டானபோது யாரும் கேட்கவில்லை. அடுத்த பந்து வீசியதும் அது செல்லுபடியாகிவிட்டது. அட்டைப்படி ஃப்ளோரஸுக்கு அடுத்தவர் புரூஸ். வரவேண்டியவர் வராததால் அவுட் அவர் கணக்கில்.

மூன்றாம்பேஸ்:
2009 மே 17 ரேஸ் அணி ஆட்டத்தையும் சொல்லுங்கள். ஸோப்ரிஸ்ட், லாங்கோரியா இருவருக்கும் மூன்றாவது பேஸ் என்று அட்டையில் போய்விட்டது. அதனால் டிஎச், அதாவது பிட்சருக்குப் பதில் பேட் மட்டும் பிடிக்கும் ஆள் என்ற வசதி பறிபோய், பந்து வீசும் பிட்சர் சோனன்ஸ்டைனே மூன்றாவது ஆளாக பேட் பிடித்தார். இரண்டாவது பேஸ் வரை போகும் ஒரு டபிள் அடித்து ரன்னும் சேர்த்தார். கிளீவ்லாந்தை 7-5 என்று ஜெயித்தார்கள்.

ஸ்கோர்புக்:
ஆமாம், அருமையான ஆட்டம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அணிக்கு அட்டை எழுதுவது நான்தான். எழுதி முடித்ததும் கோச்சிடம் கொடுத்து, பெயர், எண், இடம் மூன்றையும் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். சுவர் அட்டையைப் பார்த்து எழுதமாட்டேன். அம்பயருக்குப் போகும் அட்டையை முதலில் எழுதி, அதைப் பார்த்துத்தான் சுவருக்கு.

புதுரசிகை:
சரி, மகன் இப்போதே ஒரு அட்டையும் இரண்டு நிறப் பேனாவும் கேட்கிறான்.

ஸ்கோர்புக்:
மூன்றாக வாங்கிக் கொடுங்கள். இரண்டு பக்கமும் அடிப்பவர்களுக்குத் தனி நிறம் வேண்டும்.