கர்னல் ஹெடரில் அந்த இரண்டு அடிக்கோடுகள் எதற்கு?

பனங்காடு: மின்மினி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையநிரல்) ஹெடர்களில், அதாவது வகைகளையும் கட்டமைப்புகளையும் அறிவிக்கும் கோப்புகளில், 32-பிட் முழு எண் வகையை __யு32 என்று எழுதுவது வெறும் பழைய பழக்கமாம். 1999-இன் சி தரத்திலேயே (சி99) அதே அளவுக்கு யுஇன்ட்32_டி வந்துவிட்டதாம். கர்னலின் நிரல் நடை ஆவணத்தைப் புரட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். பயனர் நிரல்களின் கண்ணில் படும் கட்டமைப்புகளில் சி99 வகைகளைக் கட்டாயமாக்க முடியாது, அங்கே __யு32 என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

மின்மினி: புரட்டிவிட்டுத்தான் எழுதினேன். சி99 தெரியாத கம்பைலரை இன்று யார் வைத்திருக்கிறார்கள்? கோப்பு முறைமையைப் பயனர் நிரலாகவே எழுத உதவும் ஃபியூஸின் ஹெடரைத் திறந்து பாருங்கள். வரிக்கு வரி யுஇன்ட்32_டி, யுஇன்ட்64_டி. அதுவும் கர்னல் வெளியே தரும் ஹெடர்தான். என்ன கெட்டுப்போயிற்று?

பனங்காடு: ஃபியூஸில் கர்னலுக்கு ஒரு வழி, வெளியே இருப்பவர்களுக்கு இன்னொரு வழி என்று நிபந்தனை போட்டுப் பிரித்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டது ஏன்? இரண்டு அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களைச் சி தரம் கம்பைலருக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கியிருக்கிறது. பயனரின் பெயரோடு மோதாது. இரண்டு அடிக்கோடு, அவ்வளவுதான் விஷயம்.

வால்காக்கை: பெயருக்கா இவ்வளவு சண்டை? ஒரு __யு32, அதன் கீழே ஒரு __யு64 வைத்து ஐயாக்டிலுக்கு (பயனர் நிரல் சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் கர்னல் அழைப்பு) ஒரு கட்டமைப்பு எழுதினேன். 32-பிட் எக்ஸ்86 நிரலில் அது 12 பைட். 64-பிட் கர்னலில் 16. ஐயாக்டில் கட்டளை எண்ணுக்குள்ளேயே கட்டமைப்பின் அளவும் அடங்கியிருப்பதால் எண்ணே மாறிவிட்டது. இரண்டு இரவு முழுக்க, அப்படியொரு கட்டளை இல்லை என்னும் ஈநாட்டிடிஒய் பிழையைத்தான் பார்த்தேன். நடுவில் வெற்று __யு32 ஒன்றைச் செருகிய பிறகே ஓடியது.

பனங்காடு: சீரமைப்பு (தரவை எந்த முகவரி எல்லையில் வைப்பது என்ற விதி) தெரியாமல் எழுதியது உங்கள் தவறு. இங்கே பேச்சு அடிக்கோட்டைப் பற்றியது.

வால்காக்கை: எண்டியன் (பைட் வரிசை) பற்றிய திரியிலும் இதே தொனியில்தான் என் வாயை அடைத்தீர்கள். அன்று பிழை உங்கள் பக்கம் இருந்தது, இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பனங்காடு: அன்றும் நான் சொன்னதுதான் சரி. வேண்டுமானால் அந்தத் திரியை மறுபடி திறக்கிறேன்.

மின்மினி: பழைய வழக்கு இருக்கட்டும், இதற்குப் பதில் சொல்லுங்கள். பயனர் நிரலில் __யு64 என்பது 64-பிட் பவர்பிசியில் அன்சைன்ட் லாங், எக்ஸ்86-இல் அன்சைன்ட் லாங் லாங். அளவு ஒன்றே, வகை வேறு. அதனால் ஒரே பிரின்ட்எஃப் வரியால் அச்சிட்டால் ஓரிடத்தில் கம்பைலர் எச்சரிக்கை, ஓரிடத்தில் அமைதி. யுஇன்ட்64_டிக்குச் சரியான அச்சு வடிவத்தைத் தரும் மேக்ரோ இருக்கிறது. உங்கள் அடிக்கோட்டுக்கு என்ன இருக்கிறது?

பனங்காடு: அன்சைன்ட் லாங் லாங்காக மாற்றி அச்சிடத் தெரியாதவருக்குக் கர்னல் ஹெடர் எதற்கு? மூன்றாவது முறை சொல்கிறேன்: இரண்டு அடிக்கோடு ஒதுக்கப்பட்ட பெயர்வெளி.

மின்மினி: முப்பது முறை சொன்னாலும் என் கேள்விக்கு அது பதில் இல்லை.

பனங்காடு: நாளை அந்த ஆவணத்தின் பத்தியை முழுதாக இங்கே போடுகிறேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.