உத்தரவாதம் இருந்தும் கிளட்ச் செலவு என் தலையிலா?

கேள்வி: 9 லட்ச ரூபாய்க்கு வாங்கிய கார், 14 மாதங்களிலேயே, மேட்டில் ஏறும்போது கருகிய வாடையுடன் கிளட்ச் நழுவத் தொடங்கியது, அது தேய்மானப் பொருள், உத்தரவாதத்தில் வராது என்கிறார் டீலர். என்ன செய்யலாம்?

பதில் 1: ஐயா, ஜாப் கார்டில் (பழுதுபார்க்க வண்டியை விடும்போது டீலர் எழுதும் பணிச்சீட்டு) உங்கள் புகார் நீங்கள் சொன்னபடியே பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். எனக்குப் ‘பொதுச் சோதனை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

பதில் 2: கிளட்ச் தட்டு தானாகத் தேய்ந்ததா, எண்ணெய் பட்டுக் கெட்டதா என்பதே கேள்வி. எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் சீல் கசிந்திருந்தால் தேய்மானம் என்ற வாதம் நிற்காது.

பதில் 3: தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யுங்கள். பலனில்லையெனில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்; உற்பத்தியாளரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

கேட்டவர்: நன்றி. கழற்றிய தட்டைக் கேட்டு வாங்கினேன். விளிம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.